ஆறு மணி பஸ் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் ஊரில்: ஆப்பிரிக்காவில் வேலைக்குப் போகும் மதுரைக்காரர்களுக்கு நெடும்பயணக் குறிப்புகள்

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து தான்சானியா, சாம்பியா, மலாவி என்று வேலைக்குக் கிளம்புகிறவர்கள் விமானத்தை நினைத்துத்தான் பதறுகிறார்கள். உடம்பை வாட்டுவது விமானம் இல்லை, அதற்குப் பிறகு வரும் பஸ். போர்வெல் ரிக், சுரங்கம், அரிசி ஆலை, கடைக் கணக்கு என்று எந்த வேலையானாலும் பெரும்பாலும் இடம் உள்நாட்டில்தான் இருக்கும். தான்சானியாவின் கடற்கரை நகரமான டார் எஸ் சலாமிலிருந்து (சுருக்கமாக டார்) தென்மேற்கில் இருக்கும் எம்பேயாவுக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். மதுரையிலிருந்து சென்னை போய், திரும்பி வரும் வழியில் முக்கால் தூரம் வந்தது போல. அதுவும் பெரும்பகுதி இருவழிச் சாலை. சாம்பியாவுக்கும் காங்கோவுக்கும் போகும் சரக்கு லாரி எல்லாம் அதே சாலையில்தான்.

மாட்டுத்தாவணியில் ஒரு பஸ்ஸை விட்டால் கால் மணியில் அடுத்தது வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தோடு அங்கே போனால் முதல் பயணத்திலேயே அடி விழும். அங்கே தூரத்து ஊருக்கு நல்ல பஸ் பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடும். அதை விட்டால் பல ஊர்களுக்கு மறுநாள்தான். போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: டிக்கெட் கொடுப்பவர் சொல்லும் மணியை ஒன்றரை மடங்காக்குங்கள். வழியில் நாட்டு எல்லை இருந்தால் அரை நாள் சேருங்கள். அதற்கு மேல் ஒரு ராத்திரி நடுவழியில் தங்க வேண்டி வந்தாலும் தாங்கும்படி மூட்டை கட்டுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டால் தாமதம் வெறும் அலுப்போடு போய்விடும், ஆபத்தாகாது.

முதலில் கடிகாரம்

தான்சானியாவிலும் கென்யாவிலும் சுவாஹிலி பேசுகிறவர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் நாழிகைக் கணக்கு மாதிரியே. காலை ஏழு மணி அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. காலை ஆறு மணி 'சா கூமி நா ம்பிலி', பன்னிரண்டு மணி. டிக்கெட்டில் '12 அசுபுஹி' என்று பேனாவால் எழுதியிருந்தால் அது காலை ஆறு மணி பஸ். நம் ஆள் மத்தியானம் பன்னிரண்டு என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போவார், பஸ் ஆறு மணி நேரத்துக்கு முன்பே போயிருக்கும். '11.30 அல்ஃபஜிரி' என்றால் விடியற்காலை ஐந்தரை.

முள் கடிகாரம் இருந்தால் சுலபம். சின்ன முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்தான் சுவாஹிலி மணி. 'அசுபுஹி' காலை, 'ம்சானா' பகல், 'ஜியோனி' சாயங்காலம், 'உசிகு' ராத்திரி. ஆங்கிலம் பேசும் அலுவலகத்தில் அச்சடித்த டிக்கெட்டில் நம் கணக்குப்படியே மணி இருக்கலாம், அதே டிக்கெட்டின் ஓரத்தில் கையால் எழுதியது அவர்கள் கணக்காக இருக்கலாம். அதனால் வாங்கும்போதே செல்போனில் 06:00 என்று அடித்துக் காட்டி, இதுதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

தான்சானியா நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். சாம்பியாவும் மலாவியும் மூன்றரை மணி பின்னால். தான்சானியாவின் துண்டுமா எல்லையைத் தாண்டி சாம்பியாவின் நகோண்டேயில் கால் வைத்ததும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இது மறந்துபோகும்.

டிக்கெட்டும் சீட்டும்

ஒரு நாள் முன்னால் பஸ் கம்பெனியின் கவுண்டருக்கே நேரில் போய் வாங்குங்கள். பஸ் நிலையத்தில் பையைப் பிடித்து இழுப்பவர்களை 'வாபிகா டெபே' என்பார்கள். ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள். அவர்கள் கூட்டிப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில இடங்களில் பஸ் நிறைந்துவிட்டது என்று காட்டுவதற்காகவே ஆட்களை உட்கார வைப்பார்கள். நீங்கள் காசு கொடுத்ததும் ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள், பஸ் மேலும் இரண்டு மணி நேரம் நிற்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், சீட் எண், வண்டி எண் மூன்றும் இருக்கட்டும். கட்டணத்தில் சந்தேகம் வந்தால் கேளுங்கள். தான்சானியாவில் லாட்ரா என்ற அரசு அமைப்பு பஸ்ஸின் தரத்துக்கு ஏற்ப உச்சக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது.

சீட் எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, முன்பக்கத்திலிருந்து நான்காவது முதல் ஏழாவது வரிசை வரை நல்லது. பின் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகுத்தண்டு உணரும். கடைசி வரிசையில் எஞ்சின் சூடும் சேர்ந்துகொள்ளும். முதல் வரிசை காட்சிக்கு நன்றாக இருக்கும், மோதினால் அதுதான் முதலில் நசுங்கும்.

இடமா வலமா என்பதிலும் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் வருஷத்தில் பெரும்பகுதி உச்சி வெயில் தெற்கிலிருந்து விழும். டார், எம்பேயா எல்லாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் மார்ச் முதல் செப்டம்பர் வரை அங்கே வெயில் வடக்கிலிருந்து. டாரிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் வலது பக்கம் சுடும், இடது பக்கம் நிழல். தான்சானியா, கென்யா, உகாண்டா, சாம்பியா, மலாவி எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகள், எதிரே வரும் லாரி உரசிப் போவதும் வலது பக்கத்தில்தான். இரண்டு காரணத்துக்கும் சேர்த்து இடது பக்க சீட்டையே கேளுங்கள். திரும்பி வரும்போது வெயில் மட்டும் இடது பக்கம் மாறும், லாரி மாறாது. அப்போதும் இடதிலேயே உட்கார்ந்து ஜன்னலில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வது மேல். ருவாண்டா, புருண்டி, காங்கோ, எத்தியோப்பியாவில் ஓட்டுவது வலப்பக்கம், அங்கே கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

சீட் பெல்ட் இருந்தால் போடுங்கள். இல்லாத சீட்டை வாங்கும்போதே மறுத்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை

பருத்திக் கைலி இரண்டு. இதற்கு மேல் உபயோகமான துணி கிடையாது. போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை, புதருக்குப் பக்கத்தில் மறைப்பு, குளித்தால் துண்டு எல்லாம் அதுவே. ஆனால் அது மட்டும் போதாது. ஆப்பிரிக்கா என்றாலே சூடு என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போகிறவர்கள் மகம்பாகோ, எம்பேயா பக்கம் ஜூன், ஜூலை ராத்திரியில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அது மலைமேடு, பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய், சாக்ஸ் மூன்றும் காலடிப் பையில் இருக்க வேண்டும், டிக்கியில் போடும் பெட்டியில் இல்லை.

பெரிய பெட்டியை உரச்சாக்குக்குள் இறக்கிக் கோணி ஊசியும் சணலும் கொண்டு வாயைத் தைத்துவிடுங்கள். டிக்கிக்குள் செம்மண் புழுதி மாவு மாதிரி இறங்கும், கருவாட்டுக் கூடையும் கோழிக் கூண்டும் பக்கத்திலேயே வரும். தைத்த சாக்கைப் பிரித்தால் தெரிந்துவிடும் என்பதால் கை வைக்கவும் யோசிப்பார்கள். சாக்கின் மேல் பெயரும் அங்கத்து செல்போன் எண்ணும் பெரிதாக எழுதி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலித்தீன் கவர் மட்டும் வேண்டாம். தான்சானியா 2019 ஜூன் முதல் தேதியிலிருந்தும், கென்யா 2017 ஆகஸ்டிலிருந்தும், ருவாண்டா 2008 முதலும் தடை செய்திருக்கின்றன. எல்லையில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். மஞ்சப்பை நான்கு எடுத்துப் போங்கள். அழுக்குத் துணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, கையில் ஒன்று.

இஞ்சிமரப்பா கால் கிலோ. வளைவு வளைவாக ஏறும்போது குமட்டலுக்கு இதைப் போல் கேட்பது எதுவும் இல்லை. பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில் வர வேண்டும், 20,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இருக்காது. பிளக்குக்கு மூன்று சதுரப் பின் கொண்ட ஆங்கிலேய வகை அடாப்டர் வாங்குங்கள், கென்யா, உகாண்டா, தான்சானியா, சாம்பியா, மலாவி எல்லாவற்றுக்கும் அது செல்லும்.

கட்டுச்சோறு

பஸ் நிற்கும் இடங்களில் சோறும் பீன்ஸும் ('வாலி மஹராகே'), சப்பாத்தி, வாழைப்பழம், சுட்ட மக்காச்சோளம், வேர்க்கடலை, முந்திரி எல்லாம் கிடைக்கும். கறி வேண்டாம் என்பதற்கு 'பிலா ந்யாமா'. ஆனால் இருபது நிமிஷம் என்று சொல்லி நிறுத்திவிட்டுப் பத்தாவது நிமிஷத்தில் ஹாரன் அடிப்பார்கள். ஒரு வேளைக்கு நம் சாப்பாடு கையில் இருப்பது நல்லது.

புளியோதரையைத் தவிர வேறு எதுவும் இந்தப் பயணத்துக்குச் சரிவராது. ஊரிலிருந்து 200 கிராம் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொண்டுபோகலாம். நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிண்டினால் வெளியிலேயே ஒரு மாதம் தாங்கும். தீர்ந்துபோனாலும் கவலையில்லை, புளி அங்கே 'உக்வாஜு' என்ற பெயரில் சந்தையில் கிடைக்கும். அரிசிதான் பிடிகொடுக்காது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் பச்சரிசி, நம் புழுங்கலரிசிக் கணக்கில் தண்ணீர் வைத்தால் குழைந்துவிடும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு இரண்டு வேளைக்கு 200 கிராம் அரிசி போதும்.

கெட்டுப்போவது சோற்றினால் இல்லை, அவசரத்தால். சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் பட்டுத் துளியாகி மறுபடி சோற்றின் மேல் விழும். ஈரம் பட்ட அந்த இடம்தான் மத்தியானத்துக்குள் நூல்விடும். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி, இரண்டு மேசைக்கரண்டி பச்சை நல்லெண்ணெய் ஊற்றி, விசிறியடியில் முப்பது நாற்பது நிமிஷம் வையுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடே தெரியக்கூடாது. பிறகு புளிக்காய்ச்சலைக் கலந்து, காய்ந்த கரண்டியாலேயே கிளறுங்கள். வெங்காயமும் தேங்காயும் சேரக்கூடாது. வாழையிலை அங்கே எங்கும் கிடைக்கும். அடுப்புத் தணலில் இலையை ஒரு வீச்சு வாட்டினால் வெளிர்பச்சை கரும்பச்சையாக மாறும், அப்போது மடித்தாலும் கிழியாது. விடியற்காலையில் கட்டினால் அன்று ராத்திரிக்குள் தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

மறுநாளைக்கு மெல்லிய அவல் கால் கிலோவும் நாட்டுச்சர்க்கரையும் கடலைமிட்டாயும். பாட்டில் தண்ணீர் தெளித்தால் இரண்டே நிமிஷத்தில் அவல் ஊறிவிடும்.

பக்கத்து சீட்டுக்காரர் அன்பாக நீட்டும் பானமோ பிஸ்கட்டோ எதுவானாலும் வாங்காதீர்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் நல்ல மனதோடுதான் தருவார்கள், மயக்க மருந்து கலந்து தருகிறவர்களும் அப்படியேதான் சிரிப்பார்கள். 'அசாந்தே, நிமேஷிபா' (நன்றி, வயிறு நிறைந்துவிட்டது) என்று சொன்னால் யாரும் மனம் நோக மாட்டார்கள்.

தண்ணீரும் ஒதுங்குவதும்

வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பெண்கள் இன்னும் அதிகமாக. சாயங்காலம் தலைவலி, ராத்திரி கெண்டைக்கால் இழுப்பு, மறுநாள் நீர்க்கடுப்பு. ஒரேயடியாக அரை லிட்டர் குடிக்காமல், அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று மடக்கு. இப்படிக் குடித்தால் உடம்புக்கு நீர் சேரும், அவசரமும் வராது. ஒருவருக்கு 3 லிட்டர் கையில் இருக்கட்டும். அதில் ஒரு லிட்டரைத் தொடாமல் வைத்திருங்கள், அது வண்டி நின்றுபோனால் குடிக்க.

நடத்துனர் 'கூசிம்பா டாவா' என்று சொன்னால் நேர்ப் பொருள் 'மருந்து தோண்ட' என்பது. காட்டோரம் ஒதுங்க வண்டி நிற்கிறது என்று அர்த்தம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். பெண்கள் பக்கத்து சீட்டுப் பெண்ணோடு சேர்ந்து போங்கள், கைலியைச் சுற்றிக்கொள்ளுங்கள், சாலையிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். கழிப்பறைக்கு 'சோ' என்று கேட்க வேண்டும். கதவில் 'வானாவுமே' என்றிருந்தால் ஆண்கள், 'வானாவாகே' என்றிருந்தால் பெண்கள். டார்–எம்பேயா சாலை மிக்குமி தேசியப் பூங்காவுக்குள்ளேயே போகிறது. அங்கே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சாலையோரம் நிற்கும், வண்டியை விட்டு இறங்க முடியாது. அதனால் அதற்கு முன்னால் வரும் மொரோகோரோவில் நிற்கும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தீர்ந்துபோனால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு போடாதீர்கள்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்காரர்கள் மாத்திரையை மூன்று நாள் கூடுதலாகக் காலடிப் பையில் வையுங்கள். இன்சுலினை ஈரப் பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். ஐஸ் மேல் நேராக வைக்கக்கூடாது, உறைந்தால் வீண். இருமல் மருந்து விஷயத்தில் ஜாக்கிரதை. கோடீன் அல்லது டைஃபென்ஹைட்ரமின் கலந்ததை சாம்பியாவுக்குக் கொண்டுபோய்ப் போலீஸில் மாட்டியவர்கள் உண்டு.

வண்டி நின்றுவிட்டால்

என்ன கோளாறு என்று கேட்டு அதற்கேற்ப முடிவெடுங்கள். டயர் என்றால் முக்கால் மணி. பெல்ட், ஹோஸ் என்றால் ஸ்பேர் கையில் இருந்தால் இரண்டு மணி. ஸ்பிரிங் பட்டை உடைந்தால் அரை நாள். கிளட்ச், கியர்பாக்ஸ், எஞ்சின் என்று சொன்னால் ராத்திரி அங்கேதான், அல்லது வேறு பஸ் வர வேண்டும். 'லிமெஹரிபிகா' என்றால் 'பழுதாகிவிட்டது'. 'பாஸி லிங்கினே' என்றால் 'வேறு பஸ்'. இரிங்காவுக்கு முன்னால் வரும் கிடோங்கா மலைப்பாதையில் உங்கள் வண்டி நன்றாக இருந்தாலும், ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்தால் மணிக்கணக்கில் யாரும் நகர முடியாது. 'மிசானி' என்னும் எடைமேடையில் பாரம் கூடுதலாக இருந்தாலும் நிறுத்திவைப்பார்கள்.

நின்ற வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. வேகமாக வரும் லாரி முதலில் இடிப்பது அங்கேதான். சாலையை விட்டு விலகி, வண்டிக்கு முன்பக்கமாகக் கொஞ்ச தூரம் தள்ளி மேட்டில் நில்லுங்கள். சாலையில் பச்சைக் கிளைகள் கிடந்தால் நம் ஊர் லாரிக்காரர்கள் போடுவது போலவே அர்த்தம்: முன்னால் வண்டி நிற்கிறது. கிளையை யாரும் எடுத்துவிடாமல் பாருங்கள்.

பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விலகுங்கள். 2019 ஆகஸ்டில் இதே சாலையில் மொரோகோரோவில் கவிழ்ந்த டேங்கரில் எண்ணெய் பிடிக்கப் போன ஏராளமானோர் தீயில் மாண்டார்கள்.

இன்னொரு வண்டிக்கு மாறுவதென்றால் வெளிச்சம் இருக்கும்போதே. இருட்டிய பிறகு தெரியாத லாரியிலோ பைக்கிலோ ஏறுவதைவிட, கூட்டத்தோடு பஸ்ஸிலேயே ஜன்னலை மூடிக் கைலியைப் போர்த்திக்கொண்டு தூங்குவது பாதுகாப்பு. கொசு விரட்டும் களிம்பைக் கணுக்காலுக்கும் கழுத்துக்கும் தடவுங்கள். மலேரியாக் கொசு கடிப்பது ராத்திரியில்தான்.

எல்லை

இறங்கும்போது வண்டி எண்ணையும் நடத்துனர் முகத்தையும் படம் எடுத்து, அவர் செல்போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், வேலை அனுமதி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும். அந்த ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகப் போட வேண்டும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாமல் கென்யா, உகாண்டா போல மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். முத்திரை குத்தியதும் அங்கேயே நின்று எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். எல்லையில் கத்தையோடு நிற்கும் பணம் மாற்றுகிறவர்களிடம் போகாதீர்கள், நோட்டை மடித்து எண்ணுவதில் கெட்டிக்காரர்கள்.

ஊருக்கு வரும் பயணம்

லீவு போடும் மாதத்தை மழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது தான்சானியாவிலும் கென்யாவிலும் பெருமழைக் காலம், மார்ச் முதல் மே வரை. தீபாவளிக்கு வந்தால் சிறுமழை. பொங்கலுக்கு வந்தால் சாம்பியாவிலும் மலாவியிலும் மழை உச்சம். கிறிஸ்துமஸுக்கு முன் வாரம் டாரிலிருந்து மோஷி பக்கம் போகும் பஸ்ஸில் இடமே கிடைக்காது, பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மதுரை வருவது போல. விமானம் இருக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் விமானம் ஏறும் நகரத்துக்கு வந்துவிடுங்கள். டாரில் தூரத்து பஸ் வந்து நிற்பது எம்பேசியில் உள்ள மகுஃபுலி நிலையத்தில், ஊருக்கு வெளியே. நள்ளிரவில் இறங்கினால் விடியும்வரை நிலையத்துக்குள்ளேயே இருங்கள்.

வீட்டில் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: புறப்படும்போது ஒன்று, பாதி வழியில் ஒன்று, சேர்ந்ததும் ஒன்று, மூன்று செய்திதான் வரும், நடுவில் பல மணி நேரம் சிக்னல் இருக்காது. வண்டி எண்ணையும் கம்பெனி முதலாளி எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஊருக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால், அது இரண்டு மாதம் கழித்தே வந்தாலும், டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்பதுதான். இங்கே காய்ச்சல் என்றால் டெங்குவையோ வைரஸையோதான் முதலில் நினைப்பார்கள். அங்கத்து ஃபால்சிபாரம் மலேரியா ஓரிரு நாளிலேயே மூளையைத் தாக்கலாம். அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் கொடுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் விடாமல் இருந்தால், மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.